அளவெடுக்காத ஊரில் ஒரு தோல் உடை

எங்கள் ஊர் உலகத்துக்கே உடுத்தக் கொடுக்கும். ஆனால் ஒருவருக்கும் அளவெடுக்காது. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் எந்தப் பட்டுக்கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். உட்கார வைப்பார்கள், காபி வாங்கித் தருவார்கள், அலமாரியையே காலி செய்து புடவைகளைப் பிரித்துப் போடுவார்கள். "உங்க சைஸ் என்னங்க?" என்று மட்டும் ஒருவர் கேட்க மாட்டார். நாற்பது கிலோ கல்யாணப் பெண்ணுக்கும் தொண்ணூற்றைந்து கிலோ சம்பந்தியம்மாளுக்கும் அதே ஆறு கஜம்தான். மிஞ்சினால் கொசுவத்தில் இரண்டு மடிப்பு கூட. பற்றாவிட்டால் இரண்டு மடிப்பு குறைவு. அவ்வளவுதான் கணக்கு. வரதராஜப் பெருமாளுக்குச் சாத்துகிற பட்டும் தைக்காத துணிதான். அவரும் இதுவரை டைட்டாக இருக்கிறது என்று சொன்னதாகத் தகவல் இல்லை.

தைத்த துணி போட்டே ஆகவேண்டும் என்கிற இக்கட்டு வந்தால் எங்கள் வீட்டில் ஒரே சட்டம்தான். "வளர்ற பையன், ரெண்டு இஞ்சு கூட வெச்சுத் தைங்க." அந்தச் சட்டத்தால் என் பள்ளிக்கூட நிக்கர்கள் எல்லாம் முழங்காலைத் தாண்டித்தான் நின்றன. நான் வளர்வதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. பெரியப்பாவுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

இப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து ஒருவன் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தோல் உடை வாங்கப் புறப்பட்டான் என்றால் அதற்கு ஊரின் பூகோளமும் ஒரு காரணம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் எங்களுக்கு மேற்கே ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. மூன்றுமே தோலில் பிழைக்கிற ஊர்கள். கிழக்கே ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள். 1955-இல் சென்னையில் கால் வைத்த புல்லட் இப்போது எங்கள் மாவட்டத்துப் பிள்ளை. இன்னும் கொஞ்சம் போனால் இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தளம் அங்கேதான் இருக்கிறது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். அதற்கு முந்தைய தலைமுறை சோழவரத்தில், பழைய யுத்தகால விமான ஓடுபாதையில் பந்தயம் விட்டது. 1990-இல்தான் ஆட்டம் இந்தப் பக்கம் வந்தது. ஆக, ஒரு பக்கம் தோல், ஒரு பக்கம் வண்டி. நடுவில் பட்டை வைத்துக்கொண்டு நாங்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் பந்தயக்காரர்களுக்கு மட்டுமல்ல, என்னைப் போன்ற சாதாரண ஆட்களுக்கும் வளைவில் வண்டியைச் சாய்க்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி நாட்கள் உண்டு. அதில் சேரப் பணம் மட்டும் கட்டினால் ஆகாது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை தோல் உடை வேண்டும். எங்கள் ஊர்க் கோயில்களில் தோலோடு உள்ளே விட மாட்டார்கள். அங்கே தோல் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் பாட்டி கேட்ட முதல் கேள்வி, "என்னா தோலுடா?"

மாட்டுத்தோல் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "கங்காருவுலகூட செய்யறாங்க பாட்டி. எடை குறைச்சல், உறுதி ஜாஸ்தி" என்றேன். பொய்யில்லை. உலகப் பந்தயங்களில் ஓடுகிறவர்கள் பலர் கங்காருத் தோல்தான் போடுகிறார்கள்.

பாட்டி டிவி பார்க்கிறவர். "வயித்துப் பையில குட்டிய வெச்சிக்கினு தாவுமே, அதுவா? பாவி, அதையா உரிக்கிறாங்க?"

நான் விடவில்லை. ஒரு பட்டுப்புடவைக்கு ஆயிரக்கணக்கான பட்டுப்பூச்சிகளைக் கூட்டோடு கொதிநீரில் போடுகிறோமே, அது மட்டும் புண்ணியமா என்றேன். காஞ்சிப் பெரியவரே பட்டு கட்டாதீர்கள் என்று சொன்னதை எடுத்துவிட்டேன். பாட்டி அசரவில்லை. "பட்டு நெய்யறவ எவடா பட்டு கட்னா? நான் என்னைக்கும் நூல் புடவைதான்" என்றார். நெசவாளிகள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் பாதி வீட்டுக்குப் பொருந்துகிற பதில் அது. எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். தோல் கோயிலுக்கு ஆகாது என்பதெல்லாம் நம் வசதிக்குச் சொல்வது. தவில் எதனால் கட்டியது? மிருதங்கம் எதனால் கட்டியது? யானையை உரித்துப் போர்த்திக்கொண்டவருக்கு கஜசம்ஹாரமூர்த்தி என்று பேர் வைத்துக் கும்பிடுகிறோம். என்ன, யானைத்தோல் அவருக்கு நிச்சயம் லூசாகத்தான் இருந்திருக்கும். பெரியப்பா மாதிரி யாரோ கூடப் போயிருக்கிறார்கள்.

கடைசியில் தீர்ப்பு வந்தது. உடை வாங்கலாம். ஆனால் தறி இருக்கும் கூடத்துக்குள் அது வரக்கூடாது. திண்ணை ஆணியில் தொங்கட்டும். விலையில் ஏமாந்துவிடாமல் இருக்கப் பெரியப்பா துணைக்கு வருவார்.

சென்னையில் ஒரு தோல் உடைக் கடையில் நுழைந்ததுமே பெரியப்பா ஒரு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். கடைப் பையன் பதறிப் பின்னால் ஓடினான். திருட்டு இல்லை, ஐம்பது வருஷப் பழக்கம். கடை விளக்கில் பட்டு பார்க்கக் கூடாது, பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். வாசலில் நின்று தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். "இது மெலிசு. இது கனம்" என்று இரண்டு குவியலாகப் பிரித்தார். பையன் அட்டையைப் பார்த்தான். மெலிசு என்றவை எல்லாம் சினிமாவுக்கும் மாலுக்கும் போட்டுப் போகிற ஃபேஷன் ஜாக்கெட்டுகள். கனம் என்றவை வண்டி ஓட்டுவதற்கென்றே செய்தவை. அவற்றில் தோல் சுமார் 1.2 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். பெரியப்பாவின் விரலுக்கு மைக்ரோமீட்டர் தேவைப்படவில்லை.

அடுத்து ஜாக்கெட்டை உள்புறம் வெளியே வரத் திருப்பினார். தோள்பட்டையில் கை சேருகிற தையலின் இரண்டு பக்கமும் கட்டைவிரல்களை வைத்து இழுத்தார். நூல் இளித்தது. உள்ளே வெளிச்சம் தெரிந்தது. "இது பிரியும்" என்று தூக்கிப் போட்டார். இன்னொன்றை இழுத்தார். அதில் மேலே தெரிகிற தையலுக்கு அடியில் மறைவாக இன்னொரு வரிசை ஓடியது. நூல் அசையவில்லை. "இது ஆம்பளைத் தையலு" என்றார். அவருடைய அகராதியில் அதுதான் உச்சபட்சப் பாராட்டு. பாட்டி காதில் விழுந்திருந்தால் வேறு விதமாகப் போயிருக்கும்.

பெரியப்பா செய்தது பெரிய விஷயம். காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்வது கோர்வை. மூன்று நாடா, கூட ஒரு ஆள், ஒவ்வொரு ஊடைக்கும் ஒரு கோப்பு. கோர்வை சரியாக இருந்தால் புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்பது நெசவாளிகள் பேச்சு. வண்டியிலிருந்து விழுந்து தார்ச்சாலையில் தேய்த்துக்கொண்டு போகும்போதும் இதே கதைதான். தோல் தாக்குப்பிடிக்கும். தையல்தான் முதலில் வாய் பிளக்கும். அதனால்தான் ஐரோப்பாவில் வண்டி உடைகளைச் சோதிக்கும் ஈஎன் 17092 தரத்தில் தோலின் தேய்மானத்தோடு தையலின் பலத்தையும் பார்க்கிறார்கள். ஏஏஏ என்று பட்டை போட்டிருந்தால் அதிகபட்சப் பாதுகாப்பு. ஏஏ அடுத்தது. ஏ என்றால் ஊருக்குள் மெதுவாகப் போகிறவருக்கு. பெரியப்பாவுக்கு இந்த எழுத்தெல்லாம் தெரியாது. கட்டைவிரல் இரண்டும் தெரியும்.

இவ்வளவும் சரி. அதற்கப்புறம்தான் கெட்டது காரியம். "இதுலயே நாலு சைஸ் பெருசா குடுப்பா" என்றார்.

பையன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். நான்கு சைஸ் பெரியதாக ஒன்று வந்தது. போட்டுக்கொண்டேன். உள்ளே இன்னொருவருக்கு இடமிருந்தது. பெரியப்பா முகம் மலர்ந்துவிட்டது. "பாரு, எவ்ளோ காத்தோட்டமா கீது! நாளைக்கு உன் பையனுக்கும் ஆவும்."

பையன் பொறுமைசாலி. என்னை அங்கே நின்ற ஒரு வண்டியில் உட்கார வைத்துக் கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னான். பிறகு என் முழங்கையில் உடைக்குள் இருந்த கெட்டியான பாதுகாப்புப் பட்டையைக் கையால் பிடித்து ஒரு திருகு திருகினான். அது சுலபமாகச் சுழன்று கைக்கு உட்புறம் வந்து உட்கார்ந்துகொண்டது. "விழறப்போ இது முழங்கையில இருக்காது சார். இங்க இருக்கும். இங்க எதுவும் அடிபடாது. அடிபடற எடத்துல எதுவும் இருக்காது."

பெரியப்பா யோசித்தார். "விழறதுக்கு முன்னால ஒருவாட்டி சரிபண்ணிக்க வேண்டியதுதானே?"

இந்தக் கேள்விக்கு எந்த ஐரோப்பியத் தரத்திலும் பதில் இல்லை.

அந்தப் பட்டைக்கும் ஒரு தரம் உண்டு, ஈஎன் 1621. 50 ஜூல் ஆற்றலோடு ஒரு எடையை அதன்மேல் போட்டு, அடியில் எவ்வளவு விசை இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். கைகால் பட்டைக்கு முதல் நிலை என்றால் சராசரி 35 கிலோநியூட்டனுக்கு மேல் இறங்கக் கூடாது. இரண்டாம் நிலை என்றால் 20. முதுகுக்கு இன்னும் கண்டிப்பு, 18, 9 என்று போகும். இவ்வளவு கணக்குப் போட்டுச் செய்த பட்டை முழங்கையை விட்டு நான்கு விரல் தள்ளி நின்றால் அத்தனை நியூட்டனும் வீண். காற்றோட்டமான சட்டைக்கு இன்னொரு கோளாறும் உண்டு. வேகத்தில் காற்று புகுந்து படபடவென்று அடித்து ஓட்டுகிறவரைக் களைக்க வைக்கும். சறுக்கும்போது கை மேலே சுருண்டு போய் வெறும் மணிக்கட்டு ரோட்டைப் பார்க்கும்.

அதற்காக மூச்சு முட்டவும் கூடாது. நான் கவனித்தவரையில் சரியான உடையின் லட்சணம் இது: ஓட்டுகிற நிலையில் உட்கார்ந்தால் எங்கும் பிடிக்காது, நின்றால் எங்கும் சரியாக இருக்காது. கை நீளம் நிற்கும்போது அதிகமாகத் தெரியும். கைப்பிடியைப் பிடித்ததும் மணிக்கட்டில் வந்து நிற்கும். குனிந்தால் முதுகுப்பக்கம் மேலேறி இடுப்பைக் காட்டக் கூடாது. ஜாக்கெட்டும் பேண்ட்டும் தனித்தனி என்றால் இரண்டையும் சேர்க்கிற ஜிப் இடுப்பைச் சுற்றி முழுசாக ஓட வேண்டும். முன்னால் நாலு அங்குல ஜிப் வைத்திருந்தால் அது பேருக்குத்தான். தோல் போடப்போட உடம்புக்குத் தக்கபடி கொஞ்சம் கொடுக்கும். அதனால் முதல் நாள் இறுக்கிப் பிடிப்பது நல்லது. முதல் நாளே லூசு என்றால் ஆறு மாதத்தில் கஜசம்ஹாரம்.

அடுத்து ஒரே துண்டாகத் தைத்த பந்தய உடை. நிமிர்ந்து நிற்கவே முடியவில்லை. தோள் முன்னால் இழுக்கிறது, முழங்கால் தானாக மடங்குகிறது. குனிந்து படுத்து ஓட்டுகிறவருக்காக வெட்டியது அப்படித்தான் இருக்கும். முதுகில் கழுத்துக்குக் கீழே ஒரு திமில் வேறு. தலைக்கவசத்துக்குப் பின்னால் காற்று சுழித்து இழுக்காமல் வழுக்கிப் போவதற்கு. பெரியப்பா என்னைச் சுற்றி வந்தார். திமிலை இரண்டு தட்டு தட்டினார்.

"முதுகு கூனிக்கினு கீது. இங்க பாரு, வீங்கி வேற கீது. இது டேமேஜ் பீஸு. பாதி விலைக்குக் குடு."

விலையைச் சொன்னதும் அவர் அடைந்த அதிர்ச்சி இன்னொரு தனிக் கட்டுரை. ஒரு நல்ல முகூர்த்தப் புடவையின் விலை. "ஜரிகையே இல்ல, இதுக்கா?" என்றார்.

ஒரே துண்டு உடையைப் போட்டுப் பேர் வாங்கியவர் ஜெஃப் டியூக் என்ற இங்கிலாந்துக்காரர், 1950-களின் தொடக்கத்தில். 1951-இல் 350 சிசி, 500 சிசி இரண்டிலும் உலக சாம்பியன். அதற்கு முன்பு எல்லோரும் தனித்தனித் தோல் சட்டையும் காற்சட்டையும் போட்டு, காற்றில் புடைத்துக்கொண்டுதான் ஓட்டினார்கள். டியூக் எந்தப் பெரிய கம்பெனிக்கும் போகவில்லை. சொந்த ஊர்த் தையல்காரரிடம் போய் உடம்போடு ஒட்ட ஒரே துண்டாகத் தைத்துக் கேட்டார். தைத்தும் கொடுத்தார்கள். இன்று மோட்டோஜிபியில் அதே உடைக்குள் காற்றுப்பையும் வந்துவிட்டது. 2018 முதல் அது கட்டாயம். அடிப்படை மட்டும் இன்னும் அந்த ஊர்த் தையல்காரருடையதுதான்.

இந்தக் கதையைச் சொன்னதும் பெரியப்பாவுக்கு யோசனை தட்டிவிட்டது. "அப்ப நம்மளும் டெய்லர்ட்டயே போலாமே!" அது ஒன்றும் கெட்ட யோசனை இல்லை. பெரியமேட்டில் தோல் கடைகளுக்கு நடுவே தோலில் உடை தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் போன இடத்தில் இருந்தவர் வயதானவர். ஏற்றுமதி ஜாக்கெட்டுகள் தைத்தே கண்ணாடி போட்டவர். தோலை விரித்துக் காட்டினார். முன்காலத்துச் சென்னைத் தோல் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டது. விறைப்பாக இருக்கும், செருப்புக்கும் பெல்ட்டுக்கும் ஆகும். உடைக்கு குரோமில் பதனிட்ட மெத்தென்ற தோல் வேண்டும். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த முறை சென்னைக்கு வந்தது. அதில் தொடங்கிய ஒரு ஆலையின் பேரைத்தான் குரோம்பேட்டை இன்றும் சுமந்துகொண்டு லோக்கல் ரயிலை நிறுத்துகிறது.

பெரியவர் டேப்பை எடுத்தார். கழுத்து, மார்பு, வயிறு, புஜம், முன்கை, மணிக்கட்டு, தொடை, முழங்காலுக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்கால். கழுத்து எலும்பிலிருந்து இடுப்புவரை முதுகை நிமிர்த்தி ஒருமுறை, குனிய வைத்து ஒருமுறை. பிறகு ஸ்டூலில் உட்கார வைத்து, கையை நீட்டி, இல்லாத வண்டியை ஓட்டச் சொன்னார். நான் ஓட்டினேன். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். வயிற்றருகே டேப் வந்ததும் நான் மூச்சை உள்ளே இழுத்தேன். "விடுங்க தம்பி" என்றார் அவர். "வண்டி ஓட்டறப்போ இழுத்துப் பிடிச்சிக்கினே போவீங்களா?"

பெரியப்பா ஒரு ஓரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நூலுக்கு நூல் எண்ணிப் பாவு போட்ட மனுஷர். ஒரு உடம்புக்கு இத்தனை எண் உண்டு என்பது அவருக்குப் புதுசு. அளவு எழுதிய தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு இஞ்சு கூட எழுதிக்கோங்க" என்றார்.

தையல்காரர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "உங்களுக்கா தைக்கிறேன்?"

உடை வந்தது. இப்போது திண்ணை ஆணியில் தொங்குகிறது. இருங்காட்டுக்கோட்டைக்கு அது பொன்னான உடை. ஊருக்குள் போட முடியுமா என்றால், சித்திரை வெயிலில் மூங்கில் மண்டபம் சிக்னலில் நின்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வண்டி ஓடும்வரை மார்பிலும் தொடையிலும் குத்தியிருக்கிற சிறு துளைகள் வழியாகக் காற்று வரும். நின்றால் ஆவி கிளம்பும். நாங்கள் இட்லியை மந்தாரை இலைக் குடலையில் வேகவைக்கிற ஊர்க்காரர்கள், எனக்கு அந்த இட்லியின் கஷ்டம் புரிந்தது. ஆஸ்திரேலியாவில் 2018-லிருந்து மோட்டோகேப் என்று அரசுத் துறைகள் சேர்ந்து வண்டி உடைகளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். பாதுகாப்புக்கு ஒரு மதிப்பெண், வெக்கை தாங்குவதற்குத் தனியாக ஒன்று. நம் ஊருக்கு இரண்டாவதுதான் முதலாவது. தினசரி ஓட்டத்துக்கு, முழங்கை, தோள், முதுகில் நல்ல பட்டை வைத்த வலைத்துணி ஜாக்கெட் போதும் என்பது என் கட்சி. தோல் அளவுக்குத் தேய்மானம் தாங்காதுதான். ஆனால் வீட்டு ஆணியில் தொங்குகிற தோலைவிட உடம்பில் இருக்கிற வலைத்துணி மேல். அதையும் திருகிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சிக்னலில் என் பக்கத்தில் வந்து நிற்பது பெரும்பாலும் டிவிஎஸ் எக்ஸ்எல். நெய்தவர் தறியிலிருந்து இறக்கிய புடவைகளை அதில் முதலாளி கடைக்குக் கொண்டுபோவார். காகிதம் சுற்றி, பழைய வேட்டியில் பொதிந்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டுக் கயிறு கட்டியிருப்பார். ஓட்டுகிறவர் மேல் ஒரு பனியனும் லுங்கியும். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்று 2021 ஜூன் 1 முதல் சட்டம். இவருடைய ஹெல்மெட்டில் முத்திரை பளிச்சென்று இருக்கும். கைப்பிடியில் தொங்கும். புடவைக்கு மூன்று உறை. நெய்தவருக்கு ஒன்றும் கிடையாது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சர்க்கஸா தம்பி?" என்பார்.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் நெசவாளி ஒருவர் இருந்தால் கட்டாயம் அழைத்துப் போங்கள். தோலை வெளிச்சத்தில் பார்க்கவும் தையலை இழுத்துப் பார்க்கவும் அவரைவிட ஆள் கிடைக்காது. சைஸ் பேச்சு தொடங்கியதும் கையில் ஒரு காபியைக் கொடுத்து வெளியே உட்கார வைத்துவிடுங்கள்.